முதல் வீடு, வங்கிக் கடன், அரசு மானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் வாடகை வீட்டுக்காரர்கள், முதல் முறையாக வீடு வாங்குகிறவர்கள். திரும்பத் திரும்ப அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். திட்டம் என்று நான் சொல்வதெல்லாம் மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம், நகர்ப்புறம் 2.0. அதில் உள்ள வட்டி மானியப் பிரிவைப் பற்றித்தான் பேச்சு. தமிழ்நாட்டில் வாங்குகிறவர்களை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

இது அரசு கொடுக்கும் கடனா?

இல்லை. கடன் கொடுப்பது வங்கி, அல்லது வீட்டு வசதி நிதி நிறுவனம். உங்களுக்குக் கடன் தரலாமா, எவ்வளவு தரலாம், என்ன வட்டி என்பதை முடிவு செய்வதும் அவர்கள்தான். தகுதி உள்ள குடும்பத்துக்கு வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணம் ஸ்டேட் பாங்க், ஹட்கோ, தேசிய வீட்டு வசதி வங்கி ஆகிய மூன்று மைய முகமைகள் வழியாக உங்கள் வங்கிக்கு வந்து, உங்கள் கடன் கணக்கில் வரவாகும். கைக்கு வராது.

வட்டியில் 4 சதவீதம் மானியம் என்கிறார்கள். அப்படியென்றால் 8.5 சதவீதக் கடன் 4.5 ஆகிவிடுமா?

ஆகாது. அதிகம் பேர் ஏமாந்துபோகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

4 சதவீதம் என்பது கடனில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், அதுவும் 12 வருடக் கணக்குக்கு மட்டும். அதை 12 வருடமும் பிரித்துத் தராமல், மொத்தமாகக் கணக்கிட்டு, அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய் என்று வைத்து, வருடத்துக்கு ஒன்றாக 5 தவணைகளில் தருகிறார்கள். முழுத் தொகை கிடைக்கிறவருக்குத் தவணைக்கு 36,000 ரூபாய். மாதத் தவணை பாதியாகக் குறையும் என்று நினைத்துப் பெரிய கடன் எடுத்துவிடாதீர்கள்.

அதற்காக 36,000 ரூபாயை அற்பமாகவும் நினைக்க வேண்டாம். 20 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வையுங்கள். மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் மாதம் கட்டும் அந்தத் தொகையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 3,189 ரூபாய்தான். முதல் வருடம் முழுக்க நீங்கள் 2,08,272 ரூபாய் கட்டியிருப்பீர்கள், அசல் குறைந்திருப்பது சுமார் 39,800 ரூபாய். அந்த இடத்தில் மானியமாக ஒரு 36,000 அசலில் விழுந்தால், ஏறக்குறைய ஒரு வருடம் நீங்கள் பாடுபட்டுக் கரைத்த அளவு அசல் கூடுதலாகக் கரைகிறது. மாதத் தவணையைக் குறைக்கச் சொல்லாமல் அப்படியே கட்டிக்கொண்டு வந்தால், கடைசியில் கட்ட வேண்டிய மாதங்கள் குறையும். முடிந்தவர்கள் அப்படிச் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை.

யாருக்குக் கிடைக்கும்?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 3 லட்சம் வரை பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவு, 9 லட்சம் வரை நடுத்தரப் பிரிவு. கணவன் மனைவி இரண்டு பேர் சம்பாத்தியமும் சேர்ந்த கணக்கு இது. குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 வருடத்தில் மத்திய, மாநில அரசுகளின் வேறு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கக் கூடாது. கடன் 2024 செப்டம்பர் 1-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ அனுமதியாகி, பணமும் அப்படியே வழங்கப்பட்டிருக்க வேண்டும். புது வீடு வாங்கினாலும், இன்னொருவரிடமிருந்து பழைய வீடு வாங்கினாலும், சொந்த மனையில் கட்டினாலும் பொருந்தும்.

ஊரில் அப்பா பெயரில் வீடு இருக்கிறது. நான் முதல் வீட்டுக்காரனா இல்லையா?

திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். நீங்கள் திருமணமாகித் தனிக் குடும்பமாக இருந்தால், அப்பா பெயரில் இருக்கும் வீடு அப்பா வீடுதான், உங்கள் கணக்கில் வராது. அவர் காலமாகி, வாரிசு என்ற முறையில் அந்த வீட்டில் உங்களுக்கும் பங்கு வந்துவிட்டதென்றால் கதை வேறு. அதை மறைத்து உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கியில் உள்ளதைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆதார் எண்ணை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். பின்னால் தெரியவந்தால் வந்த மானியத்தைத் திரும்பக் கேட்பார்கள்.

வீட்டு விலைக்கு வரம்பு உண்டா?

உண்டு. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், கார்பெட் பரப்பளவு, அதாவது சுவர்களுக்கு உள்ளே புழங்கும் தரைப் பரப்பு, 120 சதுர மீட்டருக்குள். சென்னைக்குள் இந்த விலையில் வீடு தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று தேடியவர்களுக்குத் தெரியும். திட்டத்தில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தமும் இதுதான். திருச்சியிலும் மதுரையிலும் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கும், சென்னையில் நடத்துகிறவர்களுக்கும் ஒரே வரம்பு. சென்னைக்காரர்கள் புறநகரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீடு 40 லட்சம். பத்திரத்தில் 34 என்று போட்டுக்கொள்ளலாம், மீதியை ரொக்கமாகத் தாருங்கள் என்கிறார் விற்பவர். செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். முத்திரைச் சட்டப்படி உண்மையான மதிப்பை மறைத்துப் பதிவு செய்வது குற்றம். அப்புறம், அந்த 6 லட்சத்துக்கு வங்கிக் கடன் கிடையாது, அதை எங்கிருந்தாவது ரொக்கமாகப் புரட்ட வேண்டும். 1.80 லட்சம் மானியத்துக்காக 6 லட்சம் கைமாற்று வாங்கி, அதற்கு மாத வட்டி கட்டும் குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். மானியத் தவணை ஒன்று வருவதற்குள் அந்த வட்டியே அதைத் தாண்டிவிட்டது.

கையில் எவ்வளவு பணம் இருந்தால் வீடு பார்க்க இறங்கலாம்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்கிறவர்கள் குறைவு. எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால் மானியப் படிவத்தின் முதல் வரியில் இதைத்தான் அச்சடிப்பேன். மானியம் கடன் ஓட ஆரம்பித்த பிறகு, ஐந்து தவணையாக வருவது. பத்திரப் பதிவு அன்று கையில் வேண்டிய பணத்துக்கு அதனால் ஒரு ரூபாய்கூட உதவி கிடையாது.

30 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் பேசி முடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். அதன்படி 27 லட்சம் கிடைக்கக்கூடும். ஆனால் 25 லட்சத்தைத் தாண்டினால் மானியம் போய்விடும். ஆகவே 25 லட்சம் கடன், 5 லட்சம் உங்கள் பங்கு. வங்கி தன் என்ஜினியரை அனுப்பி, வீடு 28 லட்சம்தான் பெறும் என்று அவர் எழுதிவிட்டால், கடன் அந்த 28-ஐ வைத்துத்தான்.

அதற்கு மேல் பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு 2.70 லட்சம் ரூபாய். விலை 10 லட்சத்துக்கு மேல் இருந்தால் இந்தச் செலவை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது, முழுக்க உங்கள் கைக்காசு. பில்டரிடமிருந்து முதல் விற்பனையாகப் புது ஃபிளாட் வாங்கினால் கொஞ்சம் நிம்மதி: 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரையிலான ஃபிளாட்டுகளுக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம்தான்.

இன்னும் இருக்கிறது. வங்கியின் பிராசஸிங் ஃபீஸ், வக்கீல் லீகல் பார்ப்பதற்கான ஃபீஸ், மதிப்பீட்டுக் கட்டணம், ஒரிஜினல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிவு செய்யும் செலவு, புரோக்கர் கமிஷன், மின் இணைப்புப் பெயர் மாற்றம், பால் காய்ச்சும் நாள் செலவு. ஆக, 30 லட்ச ரூபாய் வீட்டுக்குக் குறைந்தது எட்டரை லட்சமாவது கையில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மீதியைப் புரட்ட முடியாமல், கொடுத்ததையும் இழந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

வீட்டை மனைவி பெயரில்தான் வாங்க வேண்டுமா?

குடும்பத் தலைவி பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. பத்திரத்தில் பெயர் இருக்கும் பெண்ணை அவ்வளவு சுலபத்தில் வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகையும் உண்டு.

அரசுத் திட்டம், வங்கி லீகல் பார்க்கிறது. அப்புறம் நான் எதற்குப் பத்திரம் பார்க்க வேண்டும்?

வங்கி பார்ப்பது தன் பணத்துக்காக. வீட்டில் குடியிருக்கப் போவது நீங்கள்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நான் வீடு வாங்கியபோது விற்றவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். கடைசி 13 வருட வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல், கொடுத்தார், சுத்தமாக இருந்தது. அட்வான்ஸ் கொடுத்தேன். வங்கி வக்கீல் 30 வருடத்துக்குக் கேட்டபோது, 16 வருடங்களுக்கு முந்தைய ஒரு வரி வந்து நின்றது: பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய அடமானக் கடன். விற்றவர் அதை எப்போதோ கட்டி முடித்துவிட்டார். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவில்லை. ஏட்டில் அந்தக் கடன் உயிரோடுதான் இருந்தது. கடன் கொடுத்த சங்கத்தின் பழைய கணக்கைத் தேடி எடுத்து, கையெழுத்து வாங்கி, ரசீதைப் பதிய ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் வாடகை ஒரு பக்கம், அட்வான்ஸுக்கு வாங்கிய கடனின் வட்டி ஒரு பக்கம். ராத்திரி தூக்கம் இல்லாமல் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். பதிவுத் துறை இணையதளத்திலேயே வீட்டிலிருந்து எடுக்கலாம். அதில் ஒவ்வொரு வரிக்கும் கையில் பத்திரம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். தாய்ப் பத்திரம் எனப்படும் பழைய மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வர வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது, சர்வே எண் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மனையென்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, இல்லையென்றால் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அனுமதியற்ற மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை உத்தரவு. ஃபிளாட் என்றால் கட்டட அனுமதி வரைபடத்தில் உங்கள் மாடி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி நான்காவது கட்டியிருந்தால் வங்கி கடைசி நேரத்தில் பின்வாங்கிவிடும். பெரிய புதுத் திட்டம், அதாவது எட்டு ஃபிளாட்டுக்கோ 500 சதுர மீட்டர் நிலத்துக்கோ மேற்பட்டது என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருந்தே ஆக வேண்டும்.

வட்டி இப்போது இருப்பது போலவே இருக்குமா?

மாறும். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன், பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு, அதாவது வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியோடு, கட்டப்பட்டிருக்கிறது. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. 2025-இல் மறுபடி இறங்க ஆரம்பித்தது.

7 சதவீதத்தில் 20 லட்சம் வாங்கியவரின் மாதத் தவணை 15,506 ரூபாய். அவருக்கு வட்டி 9.5 ஆனால், ஒரு மாத வட்டி மட்டுமே 15,833 ரூபாய். கட்டும் தவணை வட்டிக்கே போதாது. அசல் குறையாமல் கூடும். இப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது: வட்டியை மாற்றும்போது, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று வங்கி உங்களைக் கேட்க வேண்டும். அந்தக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால் படிக்காமல் விடாதீர்கள். இன்றைய தவணையோடு இன்னொரு 3,000 ரூபாய் கூடினாலும் குடும்பம் தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.

சீக்கிரம் அடைத்துவிட்டால் மானியம் போய்விடுமா?

போகலாம். ஒவ்வொரு மானியத் தவணை வரும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். ஒழுங்காகத் தவணை மட்டும் கட்டுகிறவருக்கு இதில் பயமில்லை. மேலே சொன்ன 20 லட்சக் கடனில் ஐந்து வருடம் கழித்தும் 17.6 லட்சம் பாக்கி இருக்கும். நகையை விற்றோ, ஊர் நிலத்தை விற்றோ பெரிய தொகை வந்தால் மட்டும் இந்தப் பாதிக் கோட்டைக் கணக்குப் போட்டுக் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

மானியம் வாங்கித் தருகிறேன், 15,000 கொடு என்கிறார் ஒருவர்.

கொடுக்காதீர்கள். திட்டத்தின் இணையதளத்தில் ஆதார் எண்ணைப் போட்டு நீங்களே விண்ணப்பிக்கலாம், கடன் கொடுக்கும் வங்கிக் கிளை வழியாகவும் செய்யலாம். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். மேலிடத்தில் சொல்லி வாங்கித் தர இதில் எதுவும் இல்லை.

சிபில் ஸ்கோர் குறைவாக இருக்கிறது. திட்டத்தில் விதிவிலக்கு உண்டா?

இல்லை. கடனை ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்களா என்று காட்டும் மதிப்பெண் அது. 750-க்கு மேல் இருந்தால் வங்கியில் பேச்சு சுலபம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வீடு தேட ஆரம்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள். மறந்துபோன பழைய கிரெடிட் கார்டு பாக்கி சில நூறு ரூபாய்தான் இருக்கும், ஆனால் கடனை நிறுத்தி வைக்க அது போதும்.

அரசு உத்தரவாதம் இருக்கிறதாமே. என்னால் கட்ட முடியாமல் போனால் அரசு பார்த்துக்கொள்ளுமா?

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வங்கிகள் தயங்காமல் கடன் தர வேண்டும் என்பதற்காகக் கடன் உத்தரவாத நிதி ஒன்று இருக்கிறது. கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் வங்கியின் நஷ்டத்தில் ஒரு பங்கை அது ஈடுகட்டும். பாதுகாப்பு வங்கிக்கு, உங்களுக்கு இல்லை. 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கியை அனுமதிக்கும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ், அதன் பிறகு வீட்டைக் கையகப்படுத்தி ஏலம். வேலை போய்விட்டது, உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். போனை எடுக்காமல் இருப்பதுதான் மிகப் பெரிய தவறு.

கடனோடு இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள்.

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடும் குடும்பம் என்றால் கடன் அளவுக்கு ஒரு டேர்ம் பாலிசி, அதாவது சம்பாதிப்பவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, அவசியம் எடுங்கள். அதை வங்கி நீட்டும் இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. மொத்தப் பிரீமியத்தையும் கடனில் சேர்த்து 20 வருடம் வட்டி கட்டவும் வேண்டாம்.

கிராமத்தில் வீடு கட்டுகிறோம், எங்களுக்கு?

இந்த வட்டி மானியம் நகர்ப்புறப் பகுதிக்கு. கிராமத்துக்குத் தனித் திட்டங்கள் இருக்கின்றன. குடிசையில் இருப்பவர்களுக்குத் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அது கடன் அல்ல. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வருமான வரிச் சலுகை?

பழைய வரி முறையில் இருந்தால் வட்டிக்கு 2 லட்சம் வரை, அசலுக்கு 1.50 லட்சத்துக்குள் வரிக்கான வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு இவை இல்லை.

கடன் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

கடைசித் தவணை கட்டிய சந்தோஷத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முழுவதும் அடைத்த 30 நாளுக்குள் வங்கி ஒரிஜினல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. கடன் வாங்கிய அன்று கொடுத்த பத்திரங்களின் பட்டியலை வைத்திருங்கள், ஒவ்வொன்றாக டிக் அடித்து வாங்குங்கள்.

அப்புறம் வங்கி அதிகாரியோடு சார்பதிவாளர் அலுவலகம் போய் ரசீதைப் பதிந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வில்லங்கச் சான்றை இன்னொரு முறை எடுத்து, அடமான வரிக்குக் கீழே ரசீது வரி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் அந்தத் தாளையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.